பூண்டு வெண்ணெய் இறால் பாஸ்தா: எங்கே சொதப்புகிறது, எப்படி மீட்பது

இறால், பூண்டு, வெண்ணெய், எலுமிச்சை, பாஸ்தா. முக்கியமாக ஐந்தே பொருள், பெரிய வேலையும் இல்லை. அப்படியும் வீட்டில் செய்யும்போது அடிக்கடி கைநழுவும் பண்டம் இது. பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை; பெரும்பாலும் குற்றவாளி அடுப்புத் தீதான். இறால் கேட்பது பெருந்தீ. பூண்டு கேட்பது சிறுதீ. வெண்ணெய்க்குக் கடைசிக் கட்டத்தில் தீயே வேண்டாம். மூன்றையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறினால் ஒன்று ரப்பராகும், ஒன்று கருகும், ஒன்று பிரிந்து எண்ணெயாக நிற்கும்.

அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர் சமையலில் இதற்கு ‘ஷ்ரிம்ப் ஸ்காம்பி’ என்று பெயர். வழக்கமான செய்முறையில் வெள்ளை ஒயின் ஊற்றுவார்கள். “கொதித்தால் ஆல்கஹால் பறந்துவிடும்” என்று சொல்வது முழு உண்மையில்லை. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, 15 நிமிடம் கொதித்த பண்டத்திலும் ஏறத்தாழ 40 சதவீத ஆல்கஹால் மிச்சம் இருக்கும்; கொதிக்கிற குழம்பில் ஊற்றி உடனே இறக்கினால் 85 சதவீதம். இந்தச் சாஸில் ஒயின் கொதிப்பதே இரண்டு மூன்று நிமிடம்தான். ஆல்கஹால் கூடாது என்றால் ஊற்றாமல் இருப்பது ஒன்றுதான் வழி. ‘குக்கிங் ஒயின்’ என்பதும் உப்புப் போட்ட ஒயின்தான். ‘ஆல்கஹால் இல்லாதது’ என்று எழுதிய ஒயின் பாட்டில்கள் பலவற்றில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம். அறவே கூடாது என்பவர்கள் அதையும் தவிர்த்துவிடலாம். ஒயின் செய்த வேலையை இங்கே இறால் ஓட்டில் எடுத்த சாறு செய்கிறது.

கீழே சொல்லும் திருத்தங்கள் எல்லாம் இந்த அளவை வைத்துத்தான்.

இரண்டு பேருக்கு அளவு

ஸ்பகெட்டி அல்லது லிங்குயினி 200 கிராம். தலையோடு இறால் 600 கிராம், உரித்தால் 300 கிராம் அளவுக்குத் தேறும். நாட்டுப் பூண்டு 10 பல். மலைப்பூண்டு என்றால் 5 போதும், வாசம் தூக்கல். வெண்ணெய் 60 கிராம், அதில் 20 கிராம் பூண்டோடு, மீதி 40 கிராம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற சிறு துண்டுகளாகக் கடைசியில். ஆலிவ் எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். சில்லி ஃப்ளேக்ஸ் அரை டீஸ்பூன். எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன். பார்ஸ்லி ஒரு கைப்பிடி. பாஸ்தா வேக 1.5 லிட்டர் தண்ணீருக்கு 12 கிராம் உப்பு, அதாவது தட்டிவிட்ட இரண்டு டீஸ்பூன் தூள் உப்பு.

இத்தாலியில் 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது கணக்கு. இங்கே இரண்டையும் வேண்டுமென்றேதான் குறைத்திருக்கிறது. தண்ணீர் குறைந்தால் அதில் மாவுச்சத்து கெட்டியாகச் சேரும், சாஸ் பிரியாமல் ஒன்றுகூட அதுதான் வேண்டும். உப்பைக் குறைத்ததற்குக் காரணம், நம் கடைகளில் கிடைக்கும் வெண்ணெய் பெரும்பாலும் உப்புப் போட்டது.

சரியாக வந்தால் இப்படி வரும்

ஓடு, தலை எல்லாவற்றையும் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் மூன்று நான்கு நிமிடம் வதக்குங்கள். சாம்பல் நிற ஓடு ஆரஞ்சாக மாறும், முந்திரி வறுத்தது போல ஒரு வாசம் எழும். 300 மி.லி. தண்ணீர் ஊற்றி, தலைகளைக் கரண்டியால் நசுக்கி, 12 முதல் 15 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் 150 மி.லி. கிடைக்கும். இதற்கு உப்பு வேண்டாம். இருபது நிமிடத்தைத் தாண்டவும் வேண்டாம், கசப்பும் கவுச்சியும் இறங்க ஆரம்பிக்கும்.

உரித்த இறாலை ஒரு துணியில் ஒற்றி, கால் டீஸ்பூன் உப்பும் கால் டீஸ்பூனுக்குக் குறைவான ஆப்ப சோடாவும் பிசிறி 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வாணலிக்குப் போகும் முன் மறுபடி ஒற்றுங்கள்.

பாஸ்தா கொதிக்கும்போதே அகலமான வாணலியில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, நன்றாகக் காய்ந்ததும் இறாலை ஒற்றை அடுக்காகப் பரப்பி, இரண்டு பக்கமும் காட்டி, தட்டுக்கு எடுத்துவிடுங்கள். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் வாணலி ஆறட்டும். மீதி எண்ணெய், 20 கிராம் வெண்ணெய், சீவிய பூண்டு, சிறுதீயில் இரண்டு நிமிடம். பூண்டின் ஓரம் வைக்கோல் நிறத்துக்கு வரும்போது சில்லி ஃப்ளேக்ஸ், அடுத்த விநாடியே ஓட்டுச் சாறு. அடியில் ஒட்டியதைச் சுரண்டிவிட்டுப் பாதியாக வற்றவிடுங்கள்.

பாக்கெட்டில் போட்டிருப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே பாஸ்தாவை எடுத்து, அது வெந்த தண்ணீரில் 100 மி.லி.யோடு வாணலியில் சேர்த்து, பெருந்தீயில் இரண்டு நிமிடம் புரட்டுங்கள். அடுப்பை அணையுங்கள். அரை நிமிடம் கழித்து வெண்ணெய்த் துண்டுகள். விடாமல் புரட்டி, கெட்டிப்பட்டதும் இறாலையும் தட்டில் தேங்கிய சாற்றையும் சேர்த்து, எலுமிச்சை, பார்ஸ்லி. உடனே பரிமாற வேண்டும். இது காத்திருக்கும் உணவு இல்லை.

இனி, தவறிப்போகும் இடங்கள்.

“இறால் ரப்பர் மாதிரி இருக்கு”

வெந்த பிறகும் வெந்துகொண்டே இருந்திருக்கிறது. உள்சூடு 63 டிகிரி செல்சியஸ் எட்டினால் இறால் வெந்தாகிவிட்டது. 70ஐத் தாண்டினால் சதை இறுகித் தன் நீரைத் தானே பிழிந்து தள்ளும். வாணலியை விட்டு எடுத்த பின்னும் சூடு ஏறிக்கொண்டிருக்கும். கடைசியில் சூடான பாஸ்தாவோடு சேரும்போது இன்னொரு முறை ஏறும். அதனால் முக்கால் பதத்தில் எடுப்பதுதான் சரியான பதம்.

கண் எங்கே இருக்க வேண்டும் என்றால், தலை இருந்த தடித்த முனையில். வால் பக்கம் முதலில் வெளுக்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. தடித்த முனையின் நடுவில் ஓர் அரிசி அளவுக்குக் கண்ணாடி போன்ற பகுதி இன்னும் தெரியும்போதே எடுத்துவிடுங்கள். பிறை போல வளைந்தால் சரி, முனைகள் இரண்டும் முட்டி வளையமானால் தாண்டிவிட்டது என்று ஒரு கணக்கு உண்டு. முதுகை ஆழமாகக் கீறிய இறாலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கீறல் விரிந்து அது எப்படியும் சுருண்டுகொள்ளும்.

நேரம் அளவைப் பொறுத்தது. சந்தையில் ‘40 கவுண்ட்’ என்றால் கிலோவுக்கு 40, தலையோடு ஒன்று 25 கிராம். அதற்கு முதல் பக்கம் 75 முதல் 90 விநாடி, மறுபக்கம் அரை நிமிடம். 60 கவுண்டுக்கு முதல் பக்கம் ஒரு நிமிடம், மறுபக்கம் 20 விநாடி. அதைவிடப் பொடி இறால் இந்தப் பண்டத்துக்குத் தோதில்லை, நிறம் வரும் முன்பே வெந்துவிடும். இறக்குமதி பாக்கெட்டில் 31/40 என்று போட்டிருந்தால் அது கிலோவுக்கு இல்லை, 454 கிராம் கொண்ட ஒரு பவுண்டுக்கு. இந்தக் குழப்பத்தில் நேரத்தைத் தப்பாகக் கணித்துவிட வாய்ப்பு அதிகம்.

ரப்பரானதை மென்மையாக்க வழியில்லை. அரை சென்டிமீட்டர் வில்லைகளாகக் குறுக்கே சீவிச் சாஸில் கலந்துவிட்டால் பல்லுக்குத் தெரிவது குறையும், அவ்வளவுதான்.

“இறால் தண்ணி விட்டுடுச்சு, நிறமே வரல”

வாணலியில் சாம்பல் நிறமாய் ஒரு குட்டை, அதில் இறால் மிதக்கிறது. வறுபட வேண்டியது அவிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உடனே இறாலை அள்ளித் தட்டில் போடுங்கள், தண்ணீரை ஒரு கிண்ணத்தில் வடித்துப் பத்திரப்படுத்துங்கள் (சாஸுக்கு ஆகும்), வாணலியைத் துடைத்து மறுபடி காயவைத்து, இறாலை ஒற்றிவிட்டு ஒரே பக்கம் மட்டும் அரை நிமிடம் காட்டி எடுங்கள்.

எதனால் வந்தது என்பதைப் பொறுத்து அடுத்த முறை திருத்தலாம். 28 செ.மீ. வாணலியில் 300 கிராம் இறால் கொஞ்சம் நெருக்கம்தான், 24 செ.மீ. என்றால் இரண்டு ஈடாகப் போடுவதே நல்லது. குழிவான கடாயில் அடிப்பரப்பு குறைவு, இறால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நீராவியில் வெந்துவிடும். உறைந்த இறாலைப் பாதி உருகியதும் போட்டால் உள்ளே இருக்கும் பனி முழுக்க வாணலியில்தான் உருகும். மூடிய பையில் வைத்துக் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் அமுக்கி வைத்தால் சரியாகும். வெந்நீரில் போட்டு அவசரப்படுத்தினால் வெளிப்புறம் அரைவேக்காடாகிவிடும்.

இதெல்லாம் செய்தும் தண்ணீர் விடுகிறதா? பாக்கெட்டின் பின்புறம் பொருள் பட்டியலைப் பாருங்கள். பாஸ்பேட் என்று இருந்தால், எடையைக் கூட்ட நீரைப் பிடித்து வைத்த இறால் அது. சூடு பட்டதும் வாங்கிய நீரைத் திருப்பிக் கொடுக்கிறது. அதற்கு உப்பும் சோடாவும் பிசிற வேண்டாம், ஏற்கெனவே ஊறித்தான் வந்திருக்கிறது. இறால் என்று மட்டும் போட்ட பாக்கெட்டைத் தேடி வாங்குங்கள்.

“இறால் மொறுப்பா இல்ல, கொழகொழன்னு இருக்கு”

ரப்பருக்கு நேர் எதிர் நோய். மூன்று வழியில் வரும். இறாலின் தலைக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பியின் நொதிகள், செத்த பிறகு சதையைத் தின்ன ஆரம்பிக்கும். தலையோடு வாங்கியதை வீட்டுக்கு வந்ததும் தலை கிள்ளாமல் மறுநாள் வரை வைத்தால் கழுத்துப் பக்கம் மாவாகும். இரண்டாவது, மீன் வறுவல் பழக்கத்தில் எலுமிச்சை பிழிந்து ஊறவைப்பது. அமிலம் அடுப்பில்லாமலே இறாலை ‘வேகவைக்கும்’, பத்து நிமிடத்தில் மேல்சதை வெளுத்துப் பொடிய ஆரம்பிக்கும். இங்கே எலுமிச்சை கடைசியில்தான். மூன்றாவது ஆப்ப சோடா. அளவோடு போட்டால் சதை நீரை இறுக்கிப் பிடித்துக் கடிக்கும்போது நறுக்கென்று இருக்கும். அரை டீஸ்பூன் போட்டு ஒரு மணி நேரம் மறந்துவிட்டால் சோப்புச் சுவையும் வழுவழுப்பும்தான் மிச்சம். அப்படி ஆகிவிட்டதென்று சமைக்கும் முன்பே தெரிந்தால் இரண்டு தண்ணீரில் அலசி ஒற்றிவிடுங்கள்.

“பூண்டு கசக்குது”

கருகியிருக்கிறது. இதற்குத் திருத்தம் கிடையாது. கசப்பு எண்ணெயில் இறங்கிவிட்டால் எதை ஊற்றினாலும் மேலே மிதந்து வரும். எண்ணெயோடு கொட்டிவிட்டு வாணலியைத் துடைத்து மறுபடி தொடங்குவதுதான் சிக்கனம். பத்துப் பல் பூண்டுக்காக 300 கிராம் இறாலைப் பலிகொடுக்க வேண்டாம்.

கருகக் காரணம் வழக்கமாக இறால் வறுத்த வாணலியின் சூடு. அந்தச் சூட்டில் பூண்டைப் போட்டால் பத்து விநாடி கூடத் தாங்காது. ஒரு நிமிடம் ஆறவிடச் சொன்னது அதனால்தான். வெட்டும் விதமும் முக்கியம். மெல்லிய வில்லையாக ஒரே கனத்தில் சீவினால் ஒரே நேரத்தில் நிறம் வரும். இடித்துப் போட்டால் பொடியெல்லாம் முதலில் கருகும், பெரிய துண்டு பச்சையாக நிற்கும். விழுதாக அரைத்தது அடியில் ஒட்டிக்கொள்ளும். பாட்டில் இஞ்சி பூண்டு விழுதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

அனுபவமுள்ள கை இரண்டு கட்டமாகப் போடும். எட்டுப் பல்லை வில்லையாக எண்ணெயில், மீதி இரண்டைத் துருவி அடுப்பை அணைத்த பின் வெண்ணெயோடு. முதலாவது இனிப்பான வறுத்த வாசம், இரண்டாவது மூக்கில் ஏறும் பச்சை வாசம். இரண்டும் இருந்தால்தான் இதைப் பூண்டுப் பாஸ்தா என்று சொல்ல முடியும்.

பூண்டு பச்சையாகவோ நீலமாகவோ மாறினால் பயப்பட வேண்டாம். பூண்டின் கந்தகச் சேர்மங்கள் அமிலத்தோடு சேரும்போது இந்த நிறம் வரும், கேடில்லை. வட சீனத்தில் வினிகரில் ஊறவைத்து வேண்டுமென்றே பச்சைப் பூண்டு ஊறுகாய் போடுகிறார்கள்.

“வெண்ணெய் பிரிஞ்சு எண்ணெயா நிக்குது”

இந்தப் பண்டத்தின் மையமே இதுதான். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வாணலியைச் சாய்த்துப் பாருங்கள். சாஸ் ஒன்றுகூடியிருந்தால் இளம் மஞ்சளாக, கலங்கலாக, நீர்த்த பாயசம் போல மெதுவாக நகரும். பாஸ்தாவின் ஒவ்வொரு இழையிலும் ஒரு படலம் போர்த்தியிருக்கும். பிரிந்திருந்தால் ஓரத்தில் தெளிந்த மஞ்சள் எண்ணெய் வளையம் தெரியும், அதற்குக் கீழே தனியாகத் தண்ணீர், இழைகள் பளபளவென்று இருந்தும் வாயில் வெறும் மாவு.

வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு, 16 சதவீதம் அளவுக்கு நீர், மீதி பால் புரதம் முதலியவை. அந்தப் புரதமும் பாஸ்தாத் தண்ணீரின் மாவுச்சத்தும் சேர்ந்துதான் கொழுப்பைப் பொடிப்பொடித் துளிகளாக நீருக்குள் பிடித்து வைக்கின்றன. சூடு ஏறினால் பிடி தளரும். நீர் வற்றினால் துளிகள் நிற்க இடமில்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். கிளறாவிட்டால் துளியாகவே உடையாது. ஆக மூன்று கேள்வி: அடுப்பு அணைந்திருந்ததா, தண்ணீர் இருந்ததா, கை நிற்காமல் ஓடியதா?

மீட்பு எளிது, பத்துக்கு ஒன்பது தரம் பலிக்கும் என்று தைரியமாகச் செய்யலாம். அடுப்பை அணையுங்கள். சூடான பாஸ்தாத் தண்ணீர் மூன்று டேபிள்ஸ்பூன் ஓரத்தில் ஊற்றி, இடுக்கியால் வாணலியின் அடியைத் தொட்டபடி வட்டமாக, வேகமாக 40 விநாடி சுற்றுங்கள். வளையம் மெல்ல உள்ளே இழுபட்டு மறைவதைக் கண்ணால் பார்க்கலாம். வாணலியே கொதிக்கும் சூட்டில் இருந்தால் முதலில் ஒரு ஸ்பூன் பச்சைத் தண்ணீர் தெளித்துச் சூட்டைத் தணியுங்கள்.

பாஸ்தாத் தண்ணீரைப் பழக்கதோஷத்தில் சிங்க்கில் கொட்டிவிட்டீர்களா? அரை டீஸ்பூன் சோள மாவை 60 மி.லி. தண்ணீரில் கரைத்துத் தனியாக ஒரு கொதி விட்டு, கஞ்சி போல ஆனதும் ஊற்றுங்கள். கொதிக்காத சோள மாவுக் கரைசலை நேராக ஊற்றினால் பச்சை மாவு வாடை அடிக்கும். அடுத்த தடவை வடிதட்டுக்குக் கீழே ஒரு பாத்திரம் வைத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை.

நெய் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நெய்யில் நீரும் இல்லை, பால் புரதமும் இல்லை; உருக்கும்போது இரண்டையும்தானே நாம் எடுத்துவிடுகிறோம். வாசம் அருமையாக இருக்கும், சாஸ் ஒன்றாகச் சேராது. பூண்டு வதக்க மட்டும் ஒரு ஸ்பூன் நெய் ஆகும், கடைசி 40 கிராம் வெண்ணெயாகத்தான் இருக்க வேண்டும். வீட்டில் கடைந்த வெண்ணெய் நன்றாகவே வரும், ஆனால் அதில் மோர் தங்கியிருக்கும். முதல் 20 கிராமாகப் போட்டால் சடசடவென்று தெறிக்கும், புளிப்பும் கூடும். அதைக் கடைசிப் பங்குக்கு வைத்துக்கொண்டு எலுமிச்சையைக் குறையுங்கள்.

“சாஸ் தண்ணியா அடியில தேங்குது”

ஓட்டுச் சாறு வற்றாமலே பாஸ்தா சேர்ந்துவிட்டது, அல்லது பாஸ்தாவைக் குழாயடியில் அலசிவிட்டீர்கள். அலசினால் மேலிருக்கும் மாவுச்சத்து போய்விடும், பிறகு எதுவும் ஒட்டாது. வெண்ணெய் போடும் முன் கவனித்தால் பெருந்தீயில் ஒரு நிமிடம் வற்றவிடலாம். போட்ட பிறகு என்றால் கொதிக்கவிடாதீர்கள், பிரிந்துவிடும். தட்டில் வைக்காமல் வாணலியிலேயே இரண்டு நிமிடம் விட்டுப் புரட்டினால் பாஸ்தாவே குடித்துக்கொள்ளும்.

“எல்லாம் சரி, ஆனா சப்புன்னு இருக்கு”

ஒயின் இல்லாமல் செய்பவர்கள் அதிகம் சொல்லும் குறை இது. ஒயினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் தண்ணீரை ஊற்றினால் இப்படித்தான் ஆகும். ஒயின் அங்கே மூன்று வேலை பார்த்தது: புளிப்பு தந்தது, வாணலி அடியில் ஒட்டிய வறுவலைக் கரைத்தது, தனக்கென்று ஒரு ஆழமான சுவையைச் சேர்த்தது. கரைக்கும் வேலையை எந்த நீரும் செய்யும். புளிப்பை எலுமிச்சை தரும். ஆழத்துக்குத்தான் ஓட்டுச் சாறு.

உரித்த இறால் வாங்கியதால் ஓடு இல்லையென்றால், கூனி இறால், அதாவது சென்னாங்குன்னி என்று கேட்டு வாங்கும் பொடி இறால் கருவாடு ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்து, மண் போக அலசி, வெறும் வாணலியில் ஒரு புரட்டு புரட்டி, 250 மி.லி. தண்ணீரில் எட்டு நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். இத்தாலிக்காரர் புருவத்தை உயர்த்தலாம். சுவையில் குறை சொல்ல முடியாது. அதில் உப்பு இருக்கும், கணக்கில் வையுங்கள். கருவாட்டு வாசம் பிடிக்காதவர்கள் ஆறேழு செர்ரித் தக்காளியை நசுக்கிப் பூண்டோடு வதக்கலாம். புளிப்பும் சுவையும் ஒருசேரக் கிடைக்கும், நிறம் மட்டும் மாறும்.

வெள்ளைத் திராட்சைச் சாறும் ஆப்பிள் சாறும் ஒயினுக்கு மாற்று என்று பல இடங்களில் சொல்லப்படுகிறது. இறாலே இயல்பில் இனிப்பு, வெண்ணெயும் அந்தப் பக்கம்தான் சாயும். 150 மி.லி. பழச்சாறு வற்றினால் பாகாகிவிடும். ஒரு டேபிள்ஸ்பூனுக்கு மேல் போகாதீர்கள், அதையும் கூடுதல் எலுமிச்சையோடு. சிக்கன் கியூப் உப்பைத்தான் முதலில் கூட்டும்.

தட்டில் வைத்த பிறகு சப்பென்று தெரிந்தால் வரிசையாகச் சோதியுங்கள். முதலில் ஒரு சிட்டிகை உப்பு. பிறகு அரை டீஸ்பூன் எலுமிச்சை. பிறகுதான் மிளகு. புளிப்புக் குறைவைப் பலர் உப்புக் குறைவென்று நினைத்து உப்பைக் கொட்டிவிடுகிறார்கள்.

“எலுமிச்சை கசக்குது”

ரசத்துக்கு இறக்கிய பிறகுதானே எலுமிச்சை பிழிகிறோம்? இங்கும் அதே. கொதியில் பிழிந்தால் மணம் போய்க் கசப்பு நிற்கும். இன்னொன்று: இத்தாலியச் சமையலில் வருவது தடித்த தோலுள்ள மஞ்சள் எலுமிச்சை, அதன் மேல்தோலைத் துருவிப் போடுவார்கள். நம் சின்ன எலுமிச்சைக்குப் புளிப்பு ஒரு படி கூடுதல், மேல்தோலில் கசப்பும் உண்டு. ஆகவே சாறு மட்டும், கொட்டை விழாமல், அழுத்திப் பிழியாமல். இரும்பு, அலுமினிய வாணலியில் எலுமிச்சை சேர்ந்தால் உலோக வாடை வரும். எவர்சில்வர் அல்லது நான்ஸ்டிக் எடுங்கள்.

“உப்பு கரிக்குது”

உப்பு நான்கு வாசல் வழியாக வருகிறது: பாஸ்தாத் தண்ணீர், உப்பு வெண்ணெய், பதப்படுத்திய இறால், சீஸ். தனித்தனியே எதுவும் அதிகமில்லை, வற்றும்போது எல்லாம் ஒன்று சேரும். உருளைக்கிழங்கைப் போட்டு எடுப்பது இங்கே உதவாது. 50 கிராம் பாஸ்தாவை உப்பில்லாத தண்ணீரில் வேகவைத்து, 15 கிராம் உப்பில்லாத வெண்ணெயோடு சேருங்கள்.

“சீஸ் நூலா திரிஞ்சு கட்டியாயிடுச்சு”

இத்தாலியில் கடல் உணவுப் பாஸ்தாவுக்குப் பொதுவாகச் சீஸ் போடுவதில்லை. நாமும் விட்டுவிடலாம் என்பதே எங்கள் கட்சி, இறால் வாசத்தை அது அமுக்கிவிடும். கட்டாயம் வேண்டுமென்றால் பார்மேசான் 15 கிராம், பொடியாகத் துருவியது, வெண்ணெய் சாஸோடு ஒன்றுகூடிய பிறகு, அடுப்பு அணைந்த நிலையில், தூவித்தூவி. கொதிக்கிற சாஸில் விழுந்தால் புரதம் சுருண்டு கட்டியாகும். கியூபாக வரும் பதப்படுத்திய சீஸ் கட்டியாகாது, ஆனால் சாஸைப் பசை போலாக்கிவிடும்.

“பாஸ்தா குழைஞ்சிடுச்சு” / “ஒன்னோட ஒன்னு ஒட்டுது”

குழைந்தால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ‘டியூரம் கோதுமை ரவை’ என்று இருக்க வேண்டும். சாதாரண கோதுமையில் செய்தது ஒரு நிமிடத்தில் பச்சையிலிருந்து குழைவுக்குத் தாவிவிடும், வாணலியில் இன்னும் இரண்டு நிமிடம் தாங்காது. அதுதான் கையில் இருக்கிறதென்றால் நான்கு நிமிடம் முன்பே எடுங்கள். ஒட்டுவது முதல் இரண்டு நிமிடத்தில் கிளறாததால்தான். எண்ணெய் விடத் தேவையில்லை.

“கவுச்சி அடிக்குது”

எல்லா வாடையும் ஒன்றில்லை. கடற்காற்று போன்ற உப்பு வாடை நல்ல இறாலின் வாடை. கடலில் பிடித்த இறாலில் சில சமயம் அயோடின், மருந்துக்கடை போல ஒரு வாடை வரும். அது தின்ற இரையிலிருந்து வரும் புரோமோஃபீனால் சேர்மங்களால், கெட்டுப்போனதால் வருவதில்லை. அம்மோனியா, அதாவது கழிவறை போன்ற காரமான நெடி வந்தால் யோசிக்காமல் குப்பைக்கு. எலுமிச்சையும் மஞ்சளும் அதை மறைக்கும், குணமாக்காது. ஓட்டில் கருப்புப் புள்ளிகள் வெட்டிய ஆப்பிள் கறுப்பது போன்ற மாற்றம். அது மட்டும் இருந்தால் கெட்டதாகாது, மோந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

கழுவும்போது மஞ்சள்தூள் சேர்க்கும் வழக்கம் இருந்தால், இந்தப் பண்டத்துக்கு மட்டும் கல் உப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். மஞ்சள் ஒட்டிக்கொண்டு வெண்ணெய்ச் சாஸ் சாம்பார் நிறத்துக்குப் போய்விடும். முதுகில் ஓடும் கருப்புக் குடலை எடுத்துவிடுங்கள், மணல் நறநறப்பது அதனால்தான். வயிற்றுப் பக்கம் தெரியும் வெள்ளைக் கோடு நரம்பு, அது இருந்துவிட்டுப் போகட்டும்.

“ரெண்டு பேருக்கு நல்லா வந்தது, ஆறு பேருக்குச் செஞ்சா கெட்டுப்போச்சு”

வாணலி பெருக்கத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. இறாலை மூன்று ஈடாக வறுத்தெடுங்கள், ஒவ்வொரு ஈட்டுக்கும் வாணலி மறுபடி காயட்டும். ஓட்டுச் சாற்றை மூன்று மடங்காக்க வேண்டாம், 350 மி.லி. போதும், பெரிய வாணலியில் வற்ற நேரமாகும், அதற்குள் பாஸ்தா குழையும். வெண்ணெயைச் சாஸோடு சேர்க்கும் கட்டத்தை மட்டும் இரண்டு வாணலியில் பிரித்துச் செய்தால் கை ஓடும். ஒரு கிலோ பாஸ்தாவை ஒரே வாணலியில் வீட்டு அடுப்பில் புரட்ட முயல்வது வீண்.

“ஆறினதும் களி மாதிரி ஆயிடுச்சு”

வெண்ணெய் உறைந்திருக்கிறது, மாவுச்சத்து இறுகியிருக்கிறது. இறாலைப் பொறுக்கித் தனியே வையுங்கள். பாஸ்தாவை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரோடு மூடிச் சிறுதீயில் இரண்டு நிமிடம், திறந்து புரட்டி, ஒரு சின்னத் துண்டு புது வெண்ணெய். அடுப்பை அணைத்த பின் இறாலைச் சேர்த்து, அந்தச் சூட்டிலேயே மூடி வைத்துச் சூடேற்றுங்கள். மைக்ரோவேவில் நேராக வைத்தால் வெண்ணெய் பிரியும், இறாலும் ரப்பராகும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததை, நம் வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்ததை, எடுத்துவைக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்தது மறுநாள் மதியத்துக்குள் தீர்ந்துவிடட்டும்.